கைபேசிச் சேவைகளைத் திட்டமிடுதல்: யாருக்கு? எதற்கு?

விதை எத்துணைச் சிறந்ததாயினும், நிலத்திற்கும் போகத்திற்கும் ஒவ்வாதாயின் விளைவு தராது. கைபேசி, கணினி ஆகியவற்றின் வழியாக அமைக்கப்படும் சேவைகளும் அத்தகையனவே. தெமோதரைப் பகுதிக் கமக்காரர் அமைப்புக்கள் விலைத் தகவலுக்கோ, நோய் எச்சரிக்கைக்கோ ஒரு சேவையை அமைக்க எண்ணும்போது, கருவியை முதலில் தெரிவுசெய்தல் முறையன்று. அதனைப் பயன்படுத்துவோர் யாவர், அதனைக் கொண்டு அவர்கள் செய்யவேண்டிய முடிவு யாது என்னும் இரண்டையும் முதலில் தெளிதல் வேண்டும். இல்லாவிடின் அமைப்பின் பணம் வீணாவதோடு, பயிரைக் காக்கவேண்டிய நாட்களும் கழிந்துவிடும்.

முன்மாதிரிகள் இரண்டு

1998ஆம் ஆண்டு முதல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் கணினி நிலையங்களை அமைத்தது. அவற்றுள் வீராம்பட்டினம் மீனவர் ஊர். கடலுக்குச் செல்வோர் அறியவேண்டியது அலையின் உயரம். ஆகவே, அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலை முன்னறிவிப்பைப் பெற்று, தமிழில் ஒலிபெருக்கி மூலம் அறிவித்தனர். கணினியை ஒருவர் இயக்கினார். பயனை ஊரார் அனைவரும் பெற்றனர்.

இலங்கையில் 2015ஆம் ஆண்டு டயலொக் நிறுவனம் விவசாயத் திணைக்களத்துடன் இணைந்து ‘உழவர் தோழன்’ சேவையைத் தொடங்கியது. பயிரின் பருவத்திற்கேற்ற ஆலோசனைகள் தமிழிலும் சிங்களத்திலும் குரல்வழியாக வழங்கப்பட்டன. எழுத்து வாசிக்க இயலாதவரும், சாதாரண கைபேசி வைத்திருப்பவரும் கேட்கத்தக்கதாக அது அமைந்தது.

பயன்படுத்துவோரை அறிதல்

திட்டமிடுமுன் அமைப்பின் அங்கத்தவர்களிடம் பின்வருவனவற்றை வினவிக் குறித்துக் கொள்க:

1. வீட்டில் கைபேசி யாரிடம் உள்ளது? தோட்டத்தை உண்மையில் பராமரிப்பவர் யார்?
2. கைபேசி எவ்வகையானது? தமிழ் எழுத்து அதில் தெரியுமா?
3. மலைச்சரிவில் உள்ள நிலத்தில் அலைத்தொடர்பு கிடைக்கின்றதா?
4. செய்தியைக் கேட்க ஓய்வான நேரம் எது?

பெருந்தோட்டக் குடும்பங்களில் பெண்கள் பகலில் கொழுந்து பறித்து, மாலையிலேயே மரக்கறிப் பாத்திகளைக் கவனிப்பதுண்டு. நண்பகலில் கணவரின் கைபேசிக்குச் செல்லும் செய்தி இவர்களுக்கு எவ்வாறு பயன்படும்?

நோக்கத்தை வரையறுத்தல்

“விலை அறிவித்தல்” என்பது மட்டும் நோக்கமாகாது. உருளைக்கிழங்கை அகழ்ந்தபின் சில காலம் வைத்திருக்கலாம். ஆகவே எப்போது விற்பது என்பதே அச்செய்கையாளரின் வினா. போஞ்சியோ முற்றினால் நார் பிடிக்கும். விலை குறைவென்று செடியில் விட்டுவைத்தல் இயலாது. கெப்பெட்டிபொல பொருளாதார நிலையத்திற்கு அனுப்புவதா, பதுளைச் சந்தைக்கு அனுப்புவதா என்பதே அவருடைய வினா. அவருக்கு இரு இடத்து விலையோடு லொறிக் கூலியும், பறிப்பதற்கு முன்னாள் மாலையிலேயே தெரிதல் வேண்டும்.

நோய் பீடைகளுக்கும் இவ்வாறே. குளிரும் ஈரமும் மிக்க காலத்தில் உருளைக்கிழங்கின் பின் வெளிறல் நோய் சில நாட்களிலேயே வயல் முழுவதும் பரவும். ஒரு வாரம் கழித்து வரும் செய்தியினால் பயனில்லை. உடனே வருவதாகவும், செய்யவேண்டியதைக் கூறுவதாகவும் இருத்தல் வேண்டும். நெல்லைத் தாக்கும் கபில நிறத் தத்தியோ தூரின் அடியில், நீர்மட்டத்தை ஒட்டி வாழ்வது. இலையை மட்டும் படம்பிடித்து அனுப்பும் சேவை அதனைக் காட்டாது. அடித்தூரை விலக்கிப் பார்க்குமாறு கூறும் குரற்செய்தியே இங்கு ஏற்றது.

பரீட்சித்துப் பார்த்தல்

முதலில் பத்துக் குடும்பங்களுடன் ஒரு போகம் நடத்திப் பார்க்க. செய்தி கிடைத்ததா என்று மட்டுமன்றி, அதனால் எதனை மாற்றிச் செய்தீர்கள் என்றும் வினவுக. எவரும் எதனையும் மாற்றவில்லையெனின், விரிவாக்குமுன் திட்டத்தைத் திருத்துக. கரும்பலகையும் ஒலிபெருக்கியும் போதுமாயின் அவற்றைக் கொள்வதில் இழிவில்லை.

இது குறித்து மேலும் ஆலோசனை வேண்டுவோர், அங்கத்தவர்களின் விடைகளைக் குறித்த தாளுடன் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரைக் காண்பாராக.