டர்பன் நகரத்து விடியற்காலைச் சந்தை: அங்கத்தினர் கல்விப் பாடம்

விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திற்கு மணிலாவும் உளுந்தும் நெல்லும் கொண்டுவரும் குடியானவர்கள், தம் குவியலுக்கு விலை கூறப்படும் வரையில் மூட்டைமீதே தலைசாய்த்துக் கிடப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். சென்ற மாத அங்கத்தினர் கல்வி வகுப்பில், விளைவித்தவனுக்குச் சந்தையில் உட்கார இடம் கொடுப்பது தருமமா, அல்லது அது அவனுடைய உரிமையா என்ற வினாவை ஓர் அங்கத்தினர் எழுப்பினார். அவ்வினாவுக்கு உள்ளூர் நியாயங்களைக் கொண்டு விடை கூறுவதைக் காட்டிலும், கடல் கடந்து சென்ற நம்மவர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அதே வினாவோடு போராடிய ஒரு நகரத்தின் வரலாற்றைக் கூறுவது பயன்தரும் என்று கருதி இப்பாடத்தை எழுதலானேன். அந்நகரம் தென்னாப்பிரிக்காவின் கீழைக் கடற்கரையில் உள்ள டர்பன்.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் பேரில் உழைக்கச் சென்ற கூலியாட்களே அவர்கள். அதுமுதல் 1911 வரையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இவ்வாறு சென்றனர். அவர்களுள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கற்பட்டு முதலிய பழைய ஜில்லாக்களின் கிராமங்களே அவர்களில் பலருக்குப் பிறந்த ஊர். நம் ஜில்லாவின் சிதம்பரத்து அம்பலவாணர் பெயரால் டர்பனில் இன்றும் ஓர் ஆலயம் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஒப்பந்தக் கூலி முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங். ஆண்டுதோறும் ஒரு ஷில்லிங் உயர்ந்து ஐந்தாம் ஆண்டில் 14 ஷில்லிங் ஆகும். பெண்களுக்கு இதில் பாதி. கணக்கறிந்த அங்கத்தினர்கள் கூட்டிப் பார்க்கலாம்: ஐந்தாண்டுகளின் மொத்தக் கூலி 720 ஷில்லிங், அதாவது 36 பவுன். ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிப் பயிரிடவும் வியாபாரம் செய்யவும் தலைப்பட்டதைக் கண்ட நேட்டால் சர்க்கார், 1895ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், அவ்வாறு தங்குவோர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 3 பவுன் செலுத்த வேண்டும் என்று விதித்தது. 3 பவுன் என்பது 60 ஷில்லிங்; முதலாண்டுக் கூலியில் சரிபாதி. 16 வயது கடந்த ஆண்மக்களும் 13 வயது கடந்த பெண்மக்களும் இவ்வரிக்கு உட்பட்டனர். 1913ஆம் ஆண்டில் சுரங்கத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் காந்தியடிகளின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்த பின்னரே, 1914இல் அவ்வரி நீங்கிற்று.

வரியைச் சுமந்துகொண்டே தங்கியவர்கள் பெரும்பாலும் காய்கறித் தோட்டம் போட்டார்கள். உம்கேனி ஆற்றங்கரையிலும் கேட்டோ மேனர் சரிவுகளிலும் கிளேர்வுட் பகுதியிலும் சில ஏக்கர் நிலத்தைக் குறுகிய காலக் குத்தகைக்கு எடுத்து, கீரை, கத்தரி, மிளகாய், முட்டைக்கோசு முதலியவற்றைப் பயிரிட்டனர். நிலம் பிறருடையது, தண்ணீர் ஆற்றினுடையது, உழைப்பு ஒன்றே தமது. விளைந்ததைக் கூடைகளில் ஏற்றி, நள்ளிரவில் நடந்து நகரத்தை அடைந்து, விடியுமுன் விற்றுவிட்டு மீள்வார்கள். பெண்கள் தலைக்கூடையுடன் வீடுவீடாகச் சென்றும் விற்றார்கள். டர்பன் நகரத்து வெள்ளையர் உண்ட காய்கறியில் பெரும்பகுதி இவர்கள் விளைவித்தது. ஆயினும் இவர்கள் உட்கார்ந்து விற்க நகரசபை நெடுநாள் ஓரிடமும் அளிக்கவில்லை. கிரே வீதி மசூதியின் வளாகமே முதலில் இவர்களுக்குச் சந்தையாக இருந்தது. இந்துக்களான தமிழ்க் குடியானவர்கள் முஸ்லிம் வணிகர்களின் பள்ளிவாசல் முற்றத்தில் கூடை இறக்கி விற்றதை நான் படித்தபோது, கூட்டுறவு என்பது சட்டப் புத்தகத்தில் பிறந்ததன்று என்று எண்ணிக்கொண்டேன். 1910ஆம் ஆண்டில் நகரசபை விக்டோரியா வீதியில் ஒரு சந்தையைத் திறந்தது. அங்கும் இடம் போதாமையால் குடியானவர்கள் வீதியிலேயே விற்றுவந்தனர். 1930களில்தான் வார்விக் அவென்யூவை ஒட்டி, இன்று விடியற்காலைச் சந்தை எனப்படும் சந்தை அவர்களுக்கு அமைந்தது.

நகரத்தின் குப்பையை வாரியவர்களும் நம்மவரே. மேகஸீன் பாரக்ஸ் என்னும் நீண்ட குடியிருப்பு வரிசைகளில் தமிழரும் தெலுங்கருமான நகரசபைத் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்தன. நகரத்தைச் சுத்தமாக வைத்தவர்களின் குடியிருப்புக்கு அச்சுத்தம் எட்டவில்லை.

இங்கே 1917ஆம் ஆண்டு வெள்ளத்தைக் குறிப்பிடாமல் செல்ல எனக்கு மனமில்லை. அக்டோபர் 28ஆம் தேதி உம்கேனி ஆறு கரையுடைத்தது. தாழ்ந்த ஆற்றங்கரை நிலமே மலிவான குத்தகைக்குக் கிடைக்கும் என்பதால் தோட்டக்காரர்கள் அங்கேயேதான் குடிசை கட்டியிருந்தார்கள். கூரைகளின் மீதும் மரக்கிளைகளின் மீதும் தொற்றிக்கொண்டிருந்தவர்களை மீட்கப் பெருங்கப்பல் எதுவும் வரவில்லை. கடலில் வலைவீசிப் பிழைத்த மாரிமுத்து படவத்தானும் அவருடைய தோழர் ஐவரும் தம் படகைச் சுழித்தோடும் வெள்ளத்தில் செலுத்தி, மீண்டும் மீண்டும் சென்று 176 பேரைக் கரைசேர்த்தனர். ‘படவத்தான் அறுவர்’ என்று டர்பன் இந்தியர் அவர்களை இன்றும் போற்றுகின்றனர். உயிர் தப்பியவர்கள் எங்கே சென்றார்கள்? வேறு போக்கிடம் இல்லாமையால் பலர் அதே ஆற்றங்கரைக்குத்தான் திரும்பினார்கள். அப்பகுதியில் தகரக் கொட்டகைகள் நிறைந்த டின் டவுன் என்னும் குடியிருப்பு 1976 வரையில் இருந்தது. அவ்வாண்டு வெள்ளம் மீண்டும் புகுந்த பின்னரே அங்கிருந்தோர் பீனிக்ஸ் என்னும் புதுக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டனர். மணிமுத்தாற்றங்கரையில் வாழும் நமக்கு, தாழ்ந்த நிலத்தின் மலிவான குத்தகை எத்தகைய மலிவு என்பதை விளக்க வேண்டியதில்லை.

1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டம் நிற அடிப்படையில் நகரத்தைக் கூறுபோட்டது. கேட்டோ மேனரிலும் கிளேர்வுட்டிலும் இருந்த குடும்பங்களும், மேகஸீன் பாரக்ஸ் குடியிருப்பினரும், இந்தியரின் வாழைத் தோட்டங்கள் இருந்த இடத்தில் 1960களில் எழுந்த சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டனர். பயிர்நிலம் போயிற்று. சந்தையில் இருந்த மேஜை மட்டும் மிஞ்சியது.

இனிப் பாடத்தின் முக்கியப் பகுதிக்கு வருவோம். நிறவெறி ஆட்சி தளர்ந்த காலத்தில், 1991ஆம் ஆண்டுச் சட்டமொன்று தெரு வியாபாரத்தின் மீதிருந்த கட்டுகளைப் பெரிதும் தளர்த்தியது. ரயில் நிலையமும் பஸ் நிலையங்களும் சந்தைகளும் ஒன்றுகூடும் வார்விக் சந்திப்பில் ஆயிரக்கணக்கான வியாபாரிகள் அமர்ந்தனர். நாளொன்றுக்கு நாலரை லட்சம் பேருக்கு மேல் அவ்விடத்தைக் கடந்து செல்வதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. அங்கே சோளக் கதிரைப் பீப்பாய்களில் வேகவைத்து விற்கும் பெண்கள் உண்டு; மாட்டுத் தலைக்கறி சமைப்போர் உண்டு; மூலிகை விற்போர் உண்டு. மண்ணோடு வாழும் நம்மூரார்க்கு ஒரு செய்தி சுவைக்கும்: செம்மண்ணையும் வெண்மண்ணையும் பிசைந்து உருண்டை பிடித்து அங்கே விற்கிறார்கள். வெயிலிலிருந்து முகத்தைக் காக்கவும் சடங்குகளுக்கும் ஜூலு மக்கள் அதனைப் பூசிக்கொள்வர். நெய்வேலிக் களிமண்ணைச் சூளையிலிட்டுப் பீங்கானாக்கும் நமக்கு, சூளைக்கே போகாத மண்ணும் விலைபோகிறது என்பது புதுமைதான்.

1990களின் நடுவில் டர்பன் நகரசபை ஒரு நல்ல காரியம் செய்தது. சுகாதாரம், போக்குவரத்து, கட்டடம், துப்புரவு என்று தனித்தனியே நின்ற இலாகாக்களை வார்விக் பகுதிக்கென ஒன்றாக அமர்த்தி, வியாபாரிகளின் பிரதிநிதிகளுடன் கூடிப் பேசி வேலைகளைத் திட்டமிட்டது. மூலிகை வியாபாரிகளுக்குத் தண்ணீரும் நிழலும் கொண்ட சந்தை கட்டப்பட்டது. பயனின்றிக் கிடந்த மேம்பாலப் பகுதியும் அச்சந்தையில் சேர்ந்தது. தண்ணீர் விஷயத்திலும் அந்நகரம் முன்னின்றது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்று 2001இல் தேசத்துக்கே விதியாக வந்த ஏற்பாட்டுக்கு டர்பனின் அனுபவமே வழிகாட்டி. 2014இல் அந்நகரத்து நீர்த்துறைக்கு ஸ்டாக்ஹோமில் பரிசும் கிடைத்தது.

ஆயின் அதே நகரசபை, உலகக் கால்பந்துப் போட்டி நெருங்கிய 2009ஆம் ஆண்டில், விடியற்காலைச் சந்தையை அகற்றி அவ்விடத்தில் தனியார் வணிக வளாகம் எழுப்பத் திட்டமிட்டது. சந்தையின் மேஜைக்காரர்கள், பலர் மூன்றாம் நான்காம் தலைமுறைத் தமிழர், எதிர்த்தனர். போலீசார் ரப்பர்க் குண்டுகளால் சுட்டனர். மேஜைக்காரர்கள் மட்டும் நின்றிருந்தால் இந்தியரின் சச்சரவு என்று ஒதுக்கியிருப்பர். ஆனால் சரக்குத் தள்ளுவண்டி இழுக்கும் ஆப்பிரிக்கத் தொழிலாளர், நடைபாதை வியாபாரிகள், மொத்தச் சரக்கு வாங்கிச் சில்லறையாக விற்கும் பெண்கள் ஆகிய யாவரும், அச்சந்தை போனால் தங்கள் பிழைப்பும் போகும் என்று உடன் நின்றனர். லீகல் ரிஸோர்ஸஸ் சென்டர் என்னும் சட்ட உதவி ஸ்தாபனம் அவர்களுக்காக நீதிமன்றம் சென்றது. அறுபது ஆண்டு கடந்த கட்டடத்தை இடிக்கப் பழமைப் பாதுகாப்பு அதிகாரிகளின் அனுமதி வேண்டும் என்ற சட்டமும் குறுக்கே நின்றது. 2011இல் நகரசபை திட்டத்தைக் கைவிட்டது.

இவ்வெற்றியில் என் கவனத்தைக் கவர்ந்தது கோஷமன்று, காகிதம். நகரசபைப் பணியை விட்டு விலகிய ரிச்சர்ட் டாப்சன், பாட்ரிக் ந்ட்லோவு என்னும் இருவர் 2008இல் ‘ஆஸியே எதாஃபுலேனி’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தனர். ‘மேஜைக்கு வாருங்கள், பேசுவோம்’ என்பது ஜூலு மொழியில் அதன் கருத்து. வார்விக்கில் யார் என்ன விற்கிறார், சரக்கு எங்கிருந்து வருகிறது, எத்தனை பேர் அதனால் பிழைக்கின்றனர் என்பனவெல்லாம் முன்பே எழுதப்பட்டிருந்தன. 2009இலேயே அவ்வியாபாரிகளின் தொழிலைப் பற்றிய நூலொன்றும் வெளிவந்தது. ‘இவர்கள் யார்?’ என்று கேட்டபோது விடை தயாராக இருந்தது. நான் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், பெயர் வேண்டாம், எட்டு மாதத் தீர்மானங்களும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே மாலையில் எழுதப்பட்டிருந்தன. ஒரு தீர்மானத்தின் தேதியில் காரியதரிசி ஊரிலேயே இல்லை. இத்தகைய புத்தகத்தை எந்த நீதிமன்றத்தில் காட்டுவது?

வெற்றிக்கு மறுபுறமும் உண்டு. 1972இல் எலா பட் அம்மையார் ஆமதாபாத்தில் தோற்றுவித்த சுயதொழில் மாதர் சங்கத்தை முன்மாதிரியாகக் கொண்டு, பாட் ஹார்ன் என்னும் அம்மையார் 1990களின் தொடக்கத்தில் டர்பனில் அதே போன்ற ஒரு சங்கத்தை அமைத்தார். தெருவில் விற்கும் பெண்களுக்குக் கழிப்பிடம், தண்ணீர், கூரை ஆகியவற்றை நகரசபையிடம் வாதாடிப் பெற்றுத் தந்த சங்கம் அது. ஆயினும் 2004இல் அது கலைக்கப்பட்டது. சங்கத்தின் முன்னாள் ஊழியர்கள் தொடுத்த வழக்கில் நேர்ந்த பணச்சுமையை அதனால் தாங்க முடியவில்லை. ஏழைப் பெண்களின் சந்தாத் தொகை சிறியது. செலவின் பெரும்பகுதியை வெளி நன்கொடையே சுமந்துவந்தது. நன்கொடை கட்டடத்துக்கும் பயிற்சிக்கும் வரும்; கடன் தீர்க்க வராது. நூலுக்கும் கூலிக்கும் மானியத்தையே எதிர்நோக்கியிருக்கும் நெசவாளர் சங்கங்கள், தங்கள் பங்குத்தொகையையும் காப்புநிதியையும் இந்த நிகழ்ச்சியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நான் ஒப்பிட்டுப் பார்த்த சில சங்கங்களின் கணக்கு எனக்குத் தூக்கத்தைத் தரவில்லை.

அடுத்த வகுப்பிற்கு ஒரு கணக்கு: ஒரு தோட்டக்காரர், அவர் மனைவி, 17 வயது மகன், 14 வயது மகள் ஆகிய நால்வரும் 3 பவுன் வரிக்கு உட்பட்டவர்கள். குடும்பத்தில் தோட்டக்காரர் மட்டுமே மாதம் 14 ஷில்லிங் சம்பாதிக்கிறார் என்று கொள்க. பவுனுக்கு 20 ஷில்லிங். ஓராண்டு வரியைக் கட்ட அவர் எத்தனை மாதம் உழைக்க வேண்டும்? கணக்கிட்டவர்கள், நம் விற்பனைக்கூடத்தில் சென்ற பருவத்தில் தாம் செலுத்திய ஏற்றுகூலி, இறக்குகூலி, சாக்கு, வண்டிவாடகை இவற்றின் ரசீதுகளையும் உடன் கொண்டுவர வேண்டுகிறேன். ரசீது வாங்காதவர்கள் அதனையும் எழுதிக்கொண்டு வரவும்.