ஃபார்வர்டு பண்ணும் முன் ஒரு பாடம்

கொடைக்கானல் டூர் போனால் தூண் பாறை முன்னால் ஆளாளுக்கு செல்போனை நீட்டுகிறோம். தப்பில்லை. ஆனால் சம்மதமில்லாமல் எடுத்த படம் எங்கே கொண்டு போய் விடும்?

மலையடிவாரத்துப் பழனியிலிருந்து பஸ் ஏறினால் பொள்ளாச்சி. அங்கே ஒரு கும்பல் பெண்களை வன்கொடுமை செய்து, அதை வீடியோ எடுத்து மிரட்டி வந்தது 2019-ல் வெளிப்பட்டது. 'வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்' என்ற பயம்தான் அவர்களுடைய முதலீடு. ஒரு மாணவி துணிந்து புகார் கொடுத்தார். அவர் பெயரை அரசாணையே வெளியிட்ட கொடுமையும் நடந்தது. அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 13.5.2025 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது.

'நாம சும்மா ஃபார்வர்டுதானே பண்ணினோம்' என்று தப்ப முடியாது. ஒருவரின் அந்தரங்கப் படத்தைச் சம்மதமின்றி எடுத்தாலும், அனுப்பினாலும், வெளியிட்டாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை.

யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீங்க. வந்த மெசேஜை அழிக்காதீங்க, அதுதான் சாட்சி. வீட்டில் சொல்லுங்க, 1930-க்குப் போன் போடுங்க.

நம் வகுப்புக் குரூப்பில் அப்படியொரு படம் வந்தால் அது நம்மோடு நிற்கட்டும். அந்தத் தோழி தலைகுனிய வேண்டியதில்லை. குனிய வேண்டியது அனுப்பினவன் தலை.