வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் நீண்ட நாள் உழைக்க...

சாதாரண ஆக்சிஜன் சென்சார், எரிந்த கலவையில் பெட்ரோல் கூடுதலா குறைவா என்று மட்டும்தான் சொல்லும். வைட்பேண்ட் சென்சார் எவ்வளவு என்றே அளந்து சொல்லிவிடும். அதற்காக அதன் உள்ளே இருக்கும் செராமிக், பாஷ் எல்.எஸ்.யு 4.9 வகையில் ஏறக்குறைய 780 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே இருந்தாக வேண்டும். சென்சார் கெட்டுப்போகும் வழிகளில் பல இந்தச் சூட்டோடு சம்பந்தப்பட்டவை.

1. காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் சைலன்சர் நுனியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே ஈரம் சென்சார் இருக்கும் குழாய்க்குள்ளும் உண்டு. பழுக்கக் காய்ந்த செராமிக்கில் அது தெறித்தால் விரிசல்தான். எனவே தனியாக வாங்கிப் பொருத்துபவர்கள் குழாயின் மேல்பக்கமாக, கடிகாரத்தில் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடைப்பட்ட வாக்கில், முனை கீழே பார்க்கும்படி மாட்டச் சொல்லுங்கள். குழாயின் அடிப்பக்கம் கூடவே கூடாது, மெக்கானிக்குக் கை எட்ட வசதியாக இருந்தாலும் சரி.

2. கம்பெனி பொருத்திய சென்சாரில், குழாயின் ஈரம் காயும்வரை சூட்டை அடக்கி வைக்க இ.சி.யு (எஞ்சினை இயக்கும் கணினி) இருக்கிறது. சென்சாரின் அளவைக் காட்ட வெளியில் வாங்கிய மீட்டர்களில் பல, சாவியைத் திருப்பியதுமே ஹீட்டரை ஏற்றிவிடும். சாவியை ஆனில் வைத்துப் பாட்டுக் கேட்காதீர்கள்.

3. மீட்டர் பழுது என்று வயரை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டுவது ரொம்பத் தப்பு. சூடேறாத சென்சாரில் கரி அப்பிக்கொள்ளும். சென்சாரையே கழற்றி, துளையை அதற்குரிய பிளக்கால் அடைத்துவிடுங்கள்.

4. டர்போ வண்டியில் டர்போவுக்குப் பிறகு, கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் மாட்டுவதே சரி. டர்போவுக்கு முன்னால் சூடும் அழுத்தமும் அதிகம்.

5. ஆயில் குடிக்கும் எஞ்சின், ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் கசியும் எஞ்சின் இரண்டும் சென்சாரைத் தின்றுவிடும். கழற்றிப் பார்த்தால் கதை தெரியும்: முனையில் கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம், வெள்ளைப் படிவு என்றால் கூலன்ட், ஆயில் அல்லது சிலிக்கான் பசை மீது சந்தேகப்படலாம்.

6. கேஸ்கெட்டுக்குப் பூசும் சிலிக்கான் பசை டியூபில் ‘சென்சார் சேஃப்’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். வினிகர் நெடி அடிக்கும் மலிவுப் பசை வேண்டவே வேண்டாம்.

7. வயர் நீளம் போதவில்லை என்று கனெக்டரை வெட்டி ஒட்டாதீர்கள். அந்தந்த சென்சாருக்கென்று அளந்து வைத்த ரெசிஸ்டர் கனெக்டருக்குள்தான் இருக்கிறது. அதை இழந்தால் அளவு தப்பும். நீளம் வேண்டுமென்றால் இருபுறமும் கனெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் வயர் வாங்குங்கள்.

8. மாட்டும்போது ஆன்டி-சீஸ் கிரீஸ் மரையில் மட்டும். முனையில் துளியும் படக்கூடாது. முறுக்கு 40 முதல் 60 நியூட்டன் மீட்டர். கை தவறிக் கீழே போட்ட சென்சாரை, வெளியே ஒன்றும் தெரியவில்லை என்று நம்பி மாட்டாதீர்கள்.

9. நெடுந்தூரம் ஓட்டி வந்த கையோடு வண்டிக்கு அடியில் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம். மழைத் தண்ணீர் தேங்கிய சாலையிலும் இதே விரிசல் ஆபத்து உண்டு.

10. மீட்டர் திடீரென்று பெட்ரோல் குறைவு என்று காட்டினால் உடனே சென்சாரைப் பழிக்க வேண்டாம். சென்சாருக்கு முன்னால் குழாயில் எங்காவது ஓட்டை விழுந்து வெளிக்காற்று புகுந்தாலும் அப்படித்தான் காட்டும். கசிவு, ஸ்பார்க் பிளக், ஆயில் எல்லாவற்றையும் பார்த்துச் சரிசெய்த பிறகே புது சென்சாருக்குப் பணம் கட்டுங்கள்.