புறப்படும் முன் போட வேண்டிய மணிக்கணக்கு

“எட்டு மணி நேரம்தான் வேலை என்றால் லோடு எப்போது போய்ச் சேரும்?” லாரி ஓட்டுநர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். வருமானம் டிரிப்பை நம்பி இருக்கிறது. புக்கிங் ஆபீசிலிருந்து போன் ஓயாமல் அடிக்கிறது. இந்த நெருக்கடியில் சட்டம் சொல்லும் வரம்பு நடக்காத காரியமாகத் தோன்றலாம். ஆனால் பயணத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடாமல் மணியில் கணக்கிட்டுப் பாருங்கள். வரம்புக்குள் நின்றால் இழப்பது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு என்பது தெரியவரும்.

முதலில் வரம்பு என்னவென்று பார்ப்போம். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்த அளவு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. நெடுந்தூர வழித்தடங்களில் உரிய அதிகாரியின் ஒப்புதலோடு இது 10 மணி, 54 மணி வரை போக அச்சட்டம் அனுமதித்தது. தொடர்ந்து 5 மணிக்கு மேல் வேலை கூடாது. அதற்குள் அரை மணியாவது ஓய்வு வேண்டும். வேலை விரிவு (இடைவேளைகளையும் சேர்த்து, தொடக்கம் முதல் முடிவு வரையான நேரம்) 12 மணியைத் தாண்டக்கூடாது. ஒரு நாள் வேலை முடிந்தபின் மறுநாள் வேலைக்கு முன் சேர்ந்தாற்போல் 9 மணி ஓய்வு தேவை. அந்தச் சட்டத்தை உள்ளடக்கிய புதிய சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நாளுக்கு 8 மணி என்பதும், கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் என்பதும் அதிலும் உண்டு. இடைவேளைக்கும் இரவு ஓய்வுக்கும் பழைய அளவுகளையே உங்கள் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டியரிங் பிடித்த நேரம் மட்டும்தான் வேலை நேரம் என்று பலர் எண்ணுகிறார்கள். லோடு ஏற்றும்போது உடனிருப்பது, தார்ப்பாய் கட்டுவது, பில் வாங்குவது எல்லாம் வேலைதான். கணக்கு தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

இந்த வரம்புக்குக் காரணம் உடம்பில் இருக்கிறது. விழித்து 17 மணி நேரம் ஆனவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 0.03 சதவீதம். ஒரு சொட்டு மதுவைத் தொடாதவரும் களைப்பால் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார். நள்ளிரவு 2 மணி முதல் காலை 6 மணி வரை உடலின் உள்கடிகாரம் (தூக்கத்தையும் விழிப்பையும் ஒழுங்குபடுத்தும் இயல்பு) தூக்கத்தை நோக்கியே இழுக்கும். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் அந்த இழுப்பு குறையாது.

அடையாளங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். கடந்த சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்பது நினைவில் இல்லாமல் போவது, வண்டி தடம் விட்டு நகர்வது, வேகம் காரணமின்றிக் கூடிக் குறைவது, பிரேக்கைத் தாமதமாக மிதிப்பது, அடிக்கடி கொட்டாவி, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல். இவற்றுக்கு அடுத்து வருவது நுண்ணுறக்கம் (ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மூளை சில நொடிகள் உறங்கிவிடுவது). 60 கிலோமீட்டர் வேகத்தில் 4 நொடி கண்ணயர்ந்தால், லாரி 66 மீட்டருக்கு மேல் ஆளில்லாமல் ஓடியதற்குச் சமம். களைத்த மூளையால் தன் களைப்பைச் சரியாக அளக்க முடியாது. “இன்னும் ஒரு மணி நேரம் தாங்குவேன்” என்ற எண்ணத்தை நம்பாமல் கடிகாரத்தை நம்புங்கள்.

இனி கணக்கு. சேலத்திலிருந்து சென்னை சுமார் 340 கிலோமீட்டர். லோடு லாரிக்குச் சராசரி வேகம் 40 என்று வைத்தால் ஓட்டம் மட்டுமே எட்டரை மணி. நீங்கள் காலை 6 மணிக்கு எழுந்தவர். மாலை 3 மணிக்கு லோடு ஏற்றத் தொடங்கி 6 மணிக்குப் புறப்படுகிறீர்கள். நிற்காமல் போக நினைத்தால், சாப்பாட்டுக்கு அரை மணி போக, விடியற்காலை 3 மணிக்குச் சென்னை. அப்போது விழித்து 21 மணி நேரம் ஆகியிருக்கும். கிடங்கு திறக்கவோ இன்னும் பல மணி நேரம் இருக்கும்.

வரம்புக்குள் இப்படிப் போகலாம். இரவு 8 மணிக்கு அரை மணி ஓய்வு. 11 மணிக்கு விழுப்புரம் வட்டாரத்தில் நிறுத்தம். அன்றைய வேலை ஏழரை மணியில் முடிகிறது. 9 மணி ஓய்வெடுத்துக் காலை 8 மணிக்குக் கிளம்பினால் நண்பகலில் சென்னை. கிடங்கு காலை 9 மணிக்குத் திறப்பதானால், உண்மையான தாமதம் 3 மணி நேரம்தான். இ-வே பில் காலாவதியாகிவிடும் என்ற பதற்றமும் வேண்டாம். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது விதி. 340 கிலோமீட்டருக்கு 2 நாள் கிடைக்கும். வழியில் சிக்கினால், காலாவதிக்கு 8 மணி நேரம் முன்பிருந்து 8 மணி நேரம் பின்பு வரை அதை நீட்டிக்கலாம்.

எங்கே நிறுத்துவது என்பதையும் புறப்படும்போதே முடிவு செய்யுங்கள். பெட்ரோல் பங்க், லாரி நிறுத்துமிடம், சுங்கச்சாவடி வளாகம் ஏற்றவை. சாலையோரத்தில் விளக்கில்லாமல் நிறுத்துவது பின்னால் வருபவரின் உயிருக்கு ஆபத்து. போக்குவரத்து நெரிசலில் சிக்கி நேரம் தாண்டிவிட்டால் வேகத்தைக் கூட்டி ஈடுகட்ட முயலாதீர்கள். அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள், போதும்.

முகம் கழுவுவது, ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, புகையிலை மெல்லுவது எதுவும் தூக்கத்துக்கு மாற்று ஆகாது. தூக்கத்தை விரட்ட யாராவது மாத்திரை கொடுத்தால் தொடாதீர்கள். சளிக்கும் அலர்ஜிக்கும் வாங்கும் மாத்திரைகள் பல தூக்கத்தை வரவழைக்கும். மருந்துக் கடையில் ‘வண்டி ஓட்டுகிறேன்’ என்று சொல்லிக் கேளுங்கள். நிறுத்துமிடம் வரை போய்ச் சேர வேண்டிய அவசரத்தில் ஒரு வழி உண்டு. பாதுகாப்பாக ஒதுங்கி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் படுங்கள். காபி வேலை செய்யக் கிட்டத்தட்ட அரை மணி ஆகும். எழுந்ததும் 10 நிமிடம் நடந்துவிட்டு வண்டியை எடுங்கள். இது சிறிது தூரத்துக்கு மட்டுமே உதவும்.

நன்றாகத் தூங்கியும் பகலில் கண் சொருகுகிறதா? பலத்த குறட்டை இருக்கிறதா? அது தூக்க மூச்சடைப்பாக (உறக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்று தொடங்கும் நோய்) இருக்கலாம். சிகிச்சை உண்டு, மருத்துவரிடம் காட்டுங்கள்.

நேஷனல் பெர்மிட் லாரிக்கு இரண்டு ஓட்டுநர் கட்டாயம் என்ற விதி 2018இல் நீக்கப்பட்டது. இரண்டாம் ஆள் இல்லாத வண்டிக்கு இரண்டு ஆள் வேகத்தில் நேரம் குறிப்பது தவறு என்பதை உரிமையாளர்களும் உணர வேண்டும். தாமே உரிமையாளராக இருந்து ஓட்டுபவர்களும் இதே கணக்கைப் பின்பற்றுங்கள். உங்களைத் தடுத்து நிறுத்த வேறு யாரும் இல்லை.

ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலை தொடங்கிய நேரம், ஓய்வு, நிறுத்தம், முடிவு ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். கூடுதல் ஊதியம் கேட்கவும், தகராறு வந்தால் தொழிலாளர் துறையிடம் காட்டவும் அது உதவும். ஆபீசிலிருந்து போன் வந்தால் விவாதிக்க வேண்டாம்: “3 மணியிலிருந்து வேலையில் இருக்கிறேன். 11 மணிக்கு விழுப்புரத்தில் நிறுத்துகிறேன். நாளை 12 மணிக்கு லோடு வந்துவிடும்.” புறப்படும் முன்பே இதைச் சொல்லிவிட்டால், பாதி வழியில் அவசரப்படுத்தும் போன்கள் குறையும்.