பழைய அம்பாசிடருக்குப் பட்டியும் பிரைமரும்

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் காரைப் புனருத்தாரணம் செய்ய விழைவோர், மேலே பளபளக்கும் வர்ணத்தின் சௌந்தரியம் முழுவதும், அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் வேலையையே ஆதாரமாகக் கொண்டது என்பதை முதலில் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

• பள்ளத்தை நிரப்பும் பசையாகிய பட்டியைத் துருவின்மேல் பூசுவது வியாதியை மூடி மறைப்பதேயாகும். ஆதலால் துருவை முற்றிலும் சுரண்டி, அரித்துப்போன பாகத்தை வெட்டியெடுத்து, புதுத் தகட்டை வெல்டிங் செய்த பின்னரே பட்டியைத் தொடுக.

• நெளிவுகளை டிங்கர் வேலையால் இயன்றவரை நிமிர்த்திவிட்டு, எஞ்சிய பள்ளத்துக்கு மட்டும், 3 மில்லிமீட்டர் கனத்துக்கு மிகாமல், மெல்லிய படலங்களாகப் பட்டியிடுக.

• பட்டியை இறுகச் செய்யக் கலக்கும் ஹார்டனர், பட்டியின் எடையில் சுமார் 2 சதவீதம் போதும். அளவு மிஞ்சினால் அதன் நிறம் பிற்பாடு பெயிண்டின் வழியே கறையாக மேலெழும்.

• பட்டி ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுடையதாதலால், தண்ணீர் தொடாமல், முதலில் 80-ஆம் எண், பின்னர் 180-ஆம் எண் உப்புத்தாளால் தேய்க்க. தூசி நாசியில் ஏறாதபடி முகமூடி அணிவது அவசியம்.

• உலோகம் வெளிப்பட்ட இடங்களில் எபாக்ஸி பிரைமரும், அதன்மேல் பரப்பைச் சமன்செய்யும் சர்ஃபேசரும் அடித்து உலர்ந்தபின், கறுப்புப் பெயிண்டை லேசாகத் தூவி, நீண்ட கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்தால், கறுப்பு அழியாத இடமே இன்னும் பள்ளமாயுள்ளது என்பது பிரத்தியட்சமாகும்.