கிருமியின் நேரத்துக்கு நடக்கும் வகுப்பு

கேள்வி: நுண்ணுயிரியலில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்திருக்கிறேன், இது முதல் ஆண்டு. தொற்றுநோய்க் கிருமிகள்தான் என் துறை. வாட்ஸ்அப்பில் பயிலரங்கு அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஐந்து நாள், பத்து நாள், இணையவழி, சென்னை, ஹைதராபாத், வெளிநாடு என்று பல வகை. எல்லாவற்றுக்கும் சான்றிதழ் தருகிறார்கள். கையில் பணம் குறைவு. வீட்டிலும் வெளியூர் அனுப்பத் தயங்குகிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் இருந்துகொண்டே இந்தத் துறையில் தேற முடியுமா? எதைத் தேர்ந்தெடுப்பது?
– ஆய்வு மாணவி, கும்பகோணம்

பதில்: ஒரு தொற்று எங்கே குடியிருக்கிறது, எதன் வழியாக மனிதருக்கோ பயிருக்கோ வந்து சேர்கிறது, அது இன்னதுதான் என்று எப்படி உறுதிசெய்வது என்ற முழுச் சங்கிலியையும் ஒருமுறையாவது உங்கள் கையால் தொடவைக்கும் பயிற்சிக்குப் போங்கள். மற்றவற்றைத் தைரியமாக விட்டுவிடலாம். இந்தத் துறையில் பேர்பெற்ற வகுப்புகள் இப்படித்தான் பிறந்தன. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் எமில் ரூ 1889ல் தொடங்கிய நுண்ணுயிரியல் வகுப்பில் வந்து சேர்ந்தவர்களைச் சோதனை மேசைக்கு முன் நிறுத்தி, கிருமியை வளர்க்கவும் சாயமேற்றிப் பார்க்கவும் பழக்கினார்கள். மாக்ஸ் டெல்புரூக் 1945ல் அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் தொடங்கிய கோடை வகுப்பு அதைவிடக் குறுகியது. பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்கள் மட்டும்தான் அங்கே பாடம். மூலக்கூறு உயிரியலின் முதல் தலைமுறையில் பலர் அந்த வகுப்பிலிருந்து வந்தவர்கள். நம் பக்கத்து அறிவிப்புகள் பலவற்றில் ஐந்து நாளுக்குள் பதினைந்து தலைப்புகளை அடைத்துவிடுகிறார்கள். பங்கேற்பவர் எதையும் தானாகச் செய்து, தவறவிட்டு, மறுபடி செய்து பார்க்க அதில் இடமே இல்லை.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு உங்கள் ஊரைச் சுற்றிப் பாருங்கள். எலிக்காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். அதற்குக் காரணமான லெப்டோஸ்பைரா எலியின் சிறுநீரகத்தில் தங்கி, சிறுநீரோடு வயல் தண்ணீரில் கலந்து, சேற்றில் வேலை செய்பவரின் காலில் உள்ள வெட்டுக்காயம் வழியாக உள்ளே போகிறது. இதைப் பாடப்புத்தகமும் சொல்லிவிடும். ஆனால் மாதிரி சேகரிக்க வயலுக்குப் போனால்தான் உண்மையான கேள்விகள் எழும். மூங்கிலை வளைத்துக் கயிறு கட்டிச் செய்யும் தஞ்சாவூர் கிட்டியைச் சாயங்காலம் வரப்போரம் வைத்துவிட்டு விடிந்ததும் எடுப்பார்கள். எலி அதில் இறுகிச் செத்திருக்கும். பயிரைக் காக்க இதைவிடச் சிக்கனமான கருவி இல்லை. ஆனால் இரவெல்லாம் செத்துக் கிடந்த எலியின் சிறுநீரகத்தில் வேறு பாக்டீரியாக்கள் பெருகியிருக்கும். அதிலிருந்து டி.என்.ஏ. கிடைக்கலாம், உயிருள்ள லெப்டோஸ்பைராவைப் பிரித்து வளர்ப்பது கடினம். எனவே கூண்டுப்பொறி வேண்டும். பிடிப்பது கரம்பை எலியா, வயல் சுண்டெலியா என்று தெரிய வேண்டும். எலி பிடிக்கும் தொழிலாளியின் கைக்கு உறை இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். இவ்வளவும் முடிந்து ஊடகத்தில் இட்டாலும் அந்தக் கிருமி வாரக்கணக்கில்தான் வளரும். ஐந்து நாள் பயிலரங்கில் அதை ‘வளர்த்துக் காட்டுகிறோம்’ என்றால், யாரோ முன்பே வளர்த்து வைத்த குழாயைத்தான் காட்டுவார்கள்.

கிருமிகளுக்கு அவற்றின் நேரம் உண்டு. நல்ல பயிற்சி அந்த நேரத்துக்கு நடக்கும். கும்பகோணத்தில் இருப்பவருக்கு யானைக்கால் நோயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதன் நுண்புழுக்கள் நம் நாட்டில் பெரும்பாலும் இரவில்தான் விரல்நுனி ரத்தத்துக்கு வருகின்றன. அதனால்தான் கணக்கெடுப்புக் குழுக்கள் வீட்டுக்காரர்கள் தூங்கப்போகும் வேளையில் கதவைத் தட்டி ரத்தத் தடவல் எடுத்தார்கள். பகல் பத்து மணிக்கு ஆய்வுக்கூடத்தில் ஆயத்தத் தகட்டை மட்டும் பார்த்தவருக்கு, புழுவின் உருவம் தெரியும். அது கொசுவின் கடிநேரத்தோடு ஒத்துப்போகும் விதம் புரியாது. தொற்று உயிரியலின் பாதி அந்த ஒத்துப்போவதில்தான் இருக்கிறது.

நெல்லிலும் இதே கதைதான். பாக்டீரியா இலைக்கருகல் என்று சந்தேகம் வந்தால் முதல் சோதனைக்கு ஒரு கண்ணாடி டம்ளர் போதும். கருகிய இலையை வெட்டி, வெட்டுவாயைத் தெளிந்த தண்ணீரில் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், சற்று நேரத்தில் பால்போல ஒரு கசிவு இழையாக இறங்கும். அந்த இழைதான் ஸாந்தோமோனாஸ். அங்கிருந்து நேராக மூலக்கூறு உயிரியலுக்குள் போகலாம். அதை எதிர்க்கும் எக்ஸ்.ஏ.21 என்ற மரபணு ஒரு காட்டு நெல்லிலிருந்து வந்தது, 1995ல் பிரித்தெடுக்கப்பட்டது. ஹைதராபாத்தில் நெல் ஆராய்ச்சியாளர்களும் சி.சி.எம்.பி.யின் மூலக்கூறு உயிரியலாளர்களும் சேர்ந்து அதையும் வேறு இரு எதிர்ப்பு மரபணுக்களையும் சம்பா மசூரியில் ஏற்றினார்கள். மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008ல் வெளியானது. டெல்டா விவசாயிகள் பி.பி.டி. என்று சொல்லிப் பயிரிடுகிறார்களே, அதன் வாரிசு இது. டம்ளரையும் மரபணுவையும் ஒரே வாரத்தில் பார்க்கும் மாணவருக்கு நோயெதிர்ப்பு என்பது மனப்பாடப் பகுதியாக இருக்காது.

எனக்கு மிகவும் பிடித்த சான்று ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆய்வு. இந்தியாவில் அந்த நோய் மனிதரிடம் முதலில் அறியப்பட்டது 1955ல், வேலூர்ப் பக்கத்தில். அதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுக்கள் நெல்வயலில் நிற்கும் தண்ணீரில் பெருகுபவை. நட்ட முதல் சில வாரங்களில், பயிர் மூடிக்கொள்வதற்கு முன், அவற்றின் புழுக்கள் மிகுதியாக இருக்கும். ஐ.சி.எம்.ஆர். 1985ல் மதுரையில் தொடங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர்விட்டால் இந்தப் புழுக்கள் குறைகின்றனவா, யூரியாவோடு வேம்பைச் சேர்த்தால் என்ன ஆகிறது என்றெல்லாம் வயலிலேயே சோதித்தது. முறை பலன் தந்தது. தண்ணீரை நினைத்தபோது நிறுத்தவும் விடவும் முடிகிற வயலில்தான் தந்தது. ஐப்பசி அடைமழையில் மூழ்கிக் கிடக்கும் சம்பா வயலை யார் காயப்போட முடியும்? வைரஸ், கொசு, பயிர், மதகு ஆகிய நான்கையும் அறிந்தவர்கள் ஒரே வரப்பில் நின்றதால்தான் இந்த விடை கிடைத்தது. நம் பல்கலைக்கழகங்களில் இந்த நால்வரும் தனித்தனித் துறைகளில் இருக்கிறார்கள். பயிலரங்குகளும் அந்தச் சுவர்களை அப்படியே நகலெடுக்கின்றன.

இதெல்லாம் சரி, வயலில் கருவி ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காசநோய்க் கிருமியை வளர்த்துக் கையாள உயர்பாதுகாப்பு ஆய்வுக்கூடம் வேண்டும். அதற்குச் சென்னையில் உள்ள காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். கொசுவைப் பற்றி ஆழமாகக் கற்கப் புதுச்சேரியின் நோய்ப்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆக, வெளியூர்ப் பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உத்தியைக் கற்க வெளியே போங்கள். கேள்வியை இங்கிருந்து கொண்டுபோங்கள். ‘ஆர்.டி.-பி.சி.ஆர். கற்க வேண்டும்’ என்று போகிறவர் ஒரு செய்முறைத் தாளோடு திரும்புவார். ‘வயல் தண்ணீரில் லெப்டோஸ்பைரா எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறது என்று அளக்க வேண்டும்’ என்று போகிறவர், எந்தக் கட்டுப்பாட்டுச் சோதனை வைப்பது, மாதிரியில் உள்ள சேறு வினையைத் தடுக்காதா என்று ஆசிரியரைத் துளைப்பார். அதே வகுப்பு அவருக்கு இரண்டு மடங்கு தரும்.

சான்றிதழ் வேலைக்கு உதவாதா என்பது அடுத்த கேள்வி. விண்ணப்பத்தைச் சலிக்கும்போது எண்ணிக்கை உதவலாம், மறுக்கவில்லை. ஆனால் நேர்முகத்தில் துறை தெரிந்தவர் கேட்பது ‘உங்கள் எதிர்மறைக் கட்டுப்பாட்டில் பட்டை தெரிந்தபோது என்ன செய்தீர்கள்?’ என்பதைப் போன்ற கேள்விகள்தான். பத்துச் சான்றிதழ் வைத்திருப்பவரைவிட, ஒரு சோதனை கெட்டுப்போன காரணத்தைத் தேடிப் பிடித்தவர் அங்கே நன்றாகப் பேசுவார். இணையவழி வகுப்புகளுக்கும் இடம் உண்டு. ஆய்வை வடிவமைப்பது, மாதிரி அளவைக் கணக்கிடுவது போன்றவற்றுக்குச் சென்னையின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் என்.பி.டி.இ.எல். வழியாக நடத்தும் வகுப்புகளை வீட்டிலிருந்தே கற்கலாம். சேரக் கட்டணம் இல்லை, தேர்வுக்கு மட்டும் உண்டு. கைவேலையை மட்டும் திரையில் கற்க முடியாது.

பணம் உங்கள் பெரிய தடை என்று தெரிகிறது. முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்காக மத்திய அரசின் அறிவியல் நிதி அமைப்பு 2020ல் கொண்டுவந்த கார்யசாலா போன்ற திட்டங்கள், தேர்வானவர்களின் பயண, தங்கும் செலவை ஏற்கும் நோக்கில் அமைந்தவை. அப்படிப்பட்ட நிதியில் நடக்கும் வகுப்புகளை முதலில் தேடுங்கள். நீங்களே பணம் கட்ட வேண்டியவற்றைக் கடைசியில் வையுங்கள். வீட்டுத் தயக்கத்துக்கு, தங்கும் விடுதி எது, யார் பொறுப்பு என்று ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக் காட்டுவது பெரும்பாலும் உதவும்.

ஆனால் செலவையும் தயக்கத்தையும் மாணவிகள் மட்டுமே சுமப்பது சரியில்லை. வகுப்பே டெல்டாவுக்கு வர வேண்டும். ஆடுதுறையில் 1922லிருந்து நெல் ஆராய்ச்சி நடக்கிறது. தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரியும், அருகே திருமலைசமுத்திரத்தில் சாஸ்த்ராவும், ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும், திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகமும் உள்ளன. எல்லாம் பஸ்ஸில் போய்வரும் தூரம். சம்பா நடவில் தொடங்கி மாதம் ஒரு சனி, ஞாயிறு கூடி, அறுவடை வரை ஓடும் ஒரு கூட்டு வகுப்பை இவர்கள் நடத்தலாம். நடவு முடிந்ததும் கொசுப்புழு, மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல், கதிர் வரும் பருவத்தில் நெல்நோய்கள் என்று பயிரே பாடவரிசையை வகுத்துக் கொடுக்கும். ஊடகத்தில் இட்ட கிருமி வளர்ந்ததா என்று அடுத்த மாதம் வந்து பார்க்கலாம். இரவு வீட்டுக்குப் போய்விடலாம் என்பதால் உங்களைப் போன்றவர்களுக்கு அனுமதியும் எளிதாகக் கிடைக்கும். இதை உங்கள் நெறியாளரிடம் இந்தப் பருவத்திலேயே கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், அக்கம்பக்கக் கல்லூரிகளின் ஆய்வு மாணவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து கையெழுத்திட்டு எழுதிக் கொடுங்கள்.