கற்பிட்டிப் பிள்ளைக்கும் எட்டும் இணையவழிப் பாடம்

2020 மார்ச்சில் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு ஸூம் வசதியைக் கொடுத்தது. பல்கலைக்கழகக் கற்றல் தளங்களுக்கு டேட்டாக் கட்டணமும் இல்லாதிருந்தது. இப்போது ஒவ்வொரு மெகாபைட்டும் மாணவரின் காசு. கற்பிட்டி உள்ளிட்ட புத்தளக் கரையின் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் விரிவுரையாளர் இதை மனதில் வைத்தே பாடநெறியை அமைக்க வேண்டும்.

தவணையின் முதல் வாரமே மாணவரிடம் கேளுங்கள்: கையில் இருப்பது போனா மடிக்கணினியா, சிக்னல் எங்கே கிடைக்கிறது, எந்த நேரம் ஓய்வு. பதிலைத் தாளில் வாங்குங்கள். இணையப் படிவம் அனுப்பினால், யாரைப் பற்றி அறிய வேண்டுமோ அவருடைய பதில்தான் வராது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்தக் கரையின் கடற்றொழிலாளர் பலர் முல்லைத்தீவுப் பக்கம் வாடி (தற்காலிகக் குடில்) போடப் போவார்கள். வீட்டுப் பொறுப்பு அப்போது பிள்ளைகள் தலையிலும் விழும். ஒப்படைக்கான கடைசித் திகதியை அதையும் பார்த்துக் குறியுங்கள்.

அடுத்து, பாடத்துக்கு ஒரே இடம். உங்கள் நிறுவனத்தில் மூடில் என்ற இணையக் கற்றல் தளம் இருந்தால் அதுவே போதும். மூடில் செயலியில் பாடங்களைத் தரவிறக்கி, பிறகு இணையமின்றிப் படிக்கலாம். முதல் வகுப்பிலேயே எல்லோர் போனிலும் அதைச் செய்து காட்டுங்கள். வாட்ஸ்அப் குழு அறிவித்தலுக்கு மட்டும். குறிப்புகளை அங்கே போட்டால் பரீட்சை நேரத்தில் தேடி எடுக்க முடியாது.

குறிப்புகளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நம்மில் பலர் இன்னும் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறோம். அப்படி அடித்த வேர்ட் கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத போனில் மாணவர் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். பிடிஎஃப் ஆக்கினால் பார்வைக்குச் சரியாகும். ஆனால் அதற்குள் ஒரு சொல்லைத் தேட முடியாது, பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்குப் போன் வாசித்தும் காட்டாது. பழைய குறிப்புகளை யூனிகோடுக்கு மாற்றுங்கள். இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. மாற்றியபின் ஒரு தடவை வாசித்துத் திருத்துவது கட்டாயம்.

விளக்கத்தைக் குரலில் பதியுங்கள். வினாடிக்கு 32 கிலோபிட் தரத்தில் பத்து நிமிடப் பேச்சு 2.4 மெகாபைட்தான், 500 கிலோபிட்டில் அதே நீளக் காணொளி 37.5 மெகாபைட். வரைபடமோ கணக்குச் செய்முறையோ காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் காணொளி போதும். ஒரு பதிவில் ஒரு கருத்துக்கு மேல் வேண்டாம்.

நேரலை வகுப்பை விரிவுரைக்குச் செலவிடாதீர்கள். பதிவைக் கேட்டு வந்தவரின் கேள்விகளுக்கு அதை ஒதுக்கி, வர முடியாதவருக்காக ஒலியை மட்டும் பிரித்துத் தளத்தில் ஏற்றுங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதை நாம் அனைவரும் கண்டோம். இப்படி மின்சாரம் தடைப்படக்கூடிய நிலையில் நேரலைக்கு வரவுப் புள்ளி கொடுப்பது நியாயமேயில்லை.

வாரத்துக்கு ஐந்து வினாக்கள் கொண்ட சிறு வினாடிவினா வையுங்கள். மூடில் அமைப்பில், செயலியில் இணையமின்றி விடையளிக்க அனுமதிக்கும் தெரிவு உண்டு; அதை இயக்குங்கள். எல்லோரும் தவறிய வினாவை அடுத்த வகுப்பில் முதலில் எடுங்கள்.

முழுப் பாடநெறியையும் ஒரே தடவையில் மாற்ற முனைய வேண்டாம். வரும் தவணையில், மாணவர் அதிகம் தடுமாறும் ஒரு பாட அலகை மட்டும் இப்படிச் செய்து பாருங்கள்.